பழுத்ததை மட்டும் பறிப்பது

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

சேலம் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு வயது 46. சபையில் கமிட்டி மெம்பர், கட்டடக் குழுவுக்குப் பொருளாளர், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டமும் என் பொறுப்பு. போன மாதம் பிரஷர் கூடி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் நிதானமாக இருக்கச் சொல்கிறார். வீட்டில், "ஏற்காட்டுக்காவது போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க" என்கிறாள். ஆனால் சும்மா உட்கார்ந்தாலே மனசு குத்துகிறது. "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதியிருக்கிறாரே. வேகத்தைக் குறைத்தால் சோம்பேறித்தனம் ஆகிவிடாதா? முகூர்த்த மாதங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குத்தான் ஓடுகிறேன். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் உடம்பு. மாத்திரையை விடாதீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே, "போதும் கர்த்தாவே" என்று சொல்லிப் படுத்துவிட்டபோது, வந்த தூதன் அவருக்கு புத்திமதி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி உங்களைக் குத்தும் அந்த வசனம். எபேசியர் 5:16. "காலம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் கைரோஸ். கடிகாரம் ஓடுகிற நேரத்துக்கு அவர்களிடம் க்ரோனோஸ் என்று வேறு சொல் இருந்தது. கைரோஸ் என்றால் ஏற்ற வேளை, பதம். "பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்பதோ சந்தையில் விலை கொடுத்து வாங்குவதிலிருந்து வந்த வினை. நீங்கள் வியாபாரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சந்தையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவன் கையில் முதல் நிற்காது.

பதம் என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது என் அம்மாவிடம். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பிதான் இந்த மலையில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, எங்களுக்கும். காப்பிச் செடி ஒரே நாளில் பழுக்காது. ஒரே கணுவில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து நிற்கும். அம்மா இடுப்பில் பை கட்டிக்கொண்டு, சிவந்த பழத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, லேசாகத் திருகி எடுப்பாள். காம்போடு இழுத்தால் அடுத்த வருஷத்து மொட்டு போய்விடும். கூலி கிலோ கணக்கில். சாயங்காலம் நிறுவையில் எடை ஏற வேண்டுமென்றால் கிளையைப் பிடித்து ஒரே உருவாக உருவிவிடலாம், பை சீக்கிரம் நிறையும். ஆனால் பச்சைக் காய் கலந்தால் கொட்டை முழுவதற்கும் ருசி கெடும். ஒரு டிசம்பரில் நான் அவசரப்பட்டுப் பச்சையில் கை வைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "அது இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டும்டா, நாமதான் திரும்ப வருவோமே" என்றாள். ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை போவார்கள். அவளைச் சோம்பேறி என்று எஸ்டேட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆண்டவர் இயேசுவும் அப்படித்தான் நடந்துகொண்டார். கப்பர்நகூமில் பொழுது விடியுமுன் எழுந்து தனியே ஜெபிக்கப் போய்விட்டார். சீடரான சீமோன் தேடிவந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றார். நம்மைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னால் மறுநிமிஷம் ஓடியிருப்போம். அவர் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். "இதற்காகவே புறப்பட்டுவந்தேன்" என்றார். எதற்காக வந்தோம் என்று தெரிந்திருந்ததால் அவரால் மறுக்க முடிந்தது. உங்கள் கடிதத்தில் இருக்கும் பொறுப்புகளில் எது உங்களுடையது, எது மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டது? கட்டடக் குழுக் கணக்கை சபையில் இன்னொருவர் பார்க்க முடியும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் மறுப்பது பாதிதான். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைத் தயவுசெய்து இந்த வாரம் ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். யவீருவின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். ஆண்டவர் அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அதைவிட அவசரம் என்ன இருக்கிறது? வழியில் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடு என்ற உதிரப்போக்குள்ள ஒரு ஸ்திரீ பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அந்தக் கணமே சுகமாகிவிட்டாள், நடையைத் தொடர்ந்திருக்கலாம். அவரோ நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்டு, அவள் நடுங்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொல்லும்வரை நிற்கிறார். பன்னிரண்டு வருஷத்துக் கதை. பக்கத்தில் யவீரு எப்படித் தவித்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பேசி முடிப்பதற்குள் மகள் இறந்த செய்தியும் வந்துவிட்டது. அப்படியும் அவர் பதறவில்லை.

நான் நிற்கவில்லை, தம்பி. பல வருஷங்களுக்கு முன் ஒரு சபையில் நான் செயலாளர். ஏழைப் பிள்ளைகளின் படிப்பு உதவிப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று அன்றைக்குக் கூட்டம். படியேறும்போது, ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். "கூட்டம் முடியட்டும்" என்றேன். முடிய ஒன்பது மணி. அவர் கதவைப் பூட்டக் காத்திருந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மகள் பீஸ் கட்ட முடியாமல் காலேஜை விட்டுவிட்டாள் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றும் அந்தப் படியில் கால் வைக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது.

இதை எழுதுவதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் அந்த ஆறு பேர் ஒரே வரியில் வந்து போய்விட்டார்கள். ஞாயிறு நீங்கள் பட்டறைக்கு ஓடினால் அவர்களும்தானே வருகிறார்கள்? ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5இல் பாருங்கள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்கிறது. நாள் முழுக்க ஊதுகுழலும் கையுமாகக் குனிந்து கண்ணி கண்ணியாகப் பற்றவைக்கிறவரின் கழுத்தும் கண்ணும் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் மட்டும் நாலு நாள் ஏற்காட்டில் இளைப்பாறி, அவர்கள் ஞாயிறும் உட்கார்ந்திருந்தால் அதை ஓய்வு என்று என்னால் சொல்ல முடியாது.

உருப்படிக் கணக்கில் கூலி, ஒரு நாள் மூடினால் அவர்களுக்கு வருமானம் போகுமே என்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆறாம் நாளில் மன்னா என்ற அந்த உணவு இரு மடங்காக, ஆளுக்கு இரண்டு ஓமர் அளவு கிடைத்தது. ஓய்வைக் கட்டளையிட்டவர் ஓய்வுநாளின் சாப்பாட்டையும் சேர்த்தே கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து, ஞாயிறு மூடினால் யாருக்கு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். உங்கள் லாபத்திலிருந்து எவ்வளவு ஈடு கட்ட முடியும் என்று பாருங்கள். முழுதாக முடியாவிட்டால் முகூர்த்தம் இல்லாத மாதங்களிலிருந்து தொடங்குங்கள். கடைக்காரரிடம் டெலிவரி தேதியை இரண்டு நாள் தள்ளிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

ஏற்காட்டுக்கு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சீசன் கூட்டத்தில் மே மாதம் வராதீர்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து எட்டு பத்து நாளில் காப்பி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று, மல்லிகை போல வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தேதி முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழை பெய்ததும் போன் செய்கிறேன். அந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.