தின்னர் கப்பல்ல அனுப்ப எம்எஸ்டிஎஸ் மட்டும் போதுமா? வேற என்ன பேப்பர் வேணும்?

கேள்வி கேட்டவர் சின்னதா ஒரு தின்னர் (பெயின்ட்ட இளக்கற திரவம்) யூனிட் வச்சிருக்காரு, கென்யாவுல இருக்கற மொம்பாசாவுக்கு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்திருக்கு, எம்எஸ்டிஎஸ் (பொருளோட பாதுகாப்பு விவரத் தாள்) குடுத்தா போதும், மத்தத ஃபார்வர்டர் (சரக்க அனுப்பி வைக்கற ஏஜென்ட்) பாத்துக்குவார்னு யாரோ சொன்னாங்களாம், அது சரியானு கேட்டிருக்காரு.

சரியில்லங்க. நான் சென்னைல டிஜி (ஆபத்தான சரக்கு) டாக்குமென்டேஷன் வேலைல 14 வருஷமா இருக்கேன், இந்த ஒரு வார்த்தைய நம்பி கன்டெய்னர் கேட்ல நின்னுபோனத நிறைய பாத்திருக்கேன். எம்எஸ்டிஎஸ் உங்க பொருளோட ஜாதகம் மாதிரி, அந்த தின்னர் எப்பவும் எப்படி இருக்கும்னு சொல்லும். ஆனா இந்த கன்டெய்னர்ல எத்தனை டிரம், என்ன கிளாஸ் (ஆபத்து வகை), யார் பேக் பண்ணாங்க, யார் பொறுப்புனு அது சொல்லாது. அத சொல்ற பேப்பருக்கு பேரு டேஞ்சரஸ் கூட்ஸ் டிக்ளரேஷன், நாங்க டிஜிடினு சொல்வோம். அதுல கையெழுத்து ஷிப்பரோடது, அதாவது உங்களோடது. ஃபார்வர்டர் டைப் பண்ணி குடுக்கலாம், அதுல இருக்கறதுக்கு பொறுப்பு நீங்கதான்.

இதுக்கெல்லாம் அடிப்படை ஐஎம்டிஜி கோட், அதாவது கடல்ல ஆபத்தான சரக்கு அனுப்பறதுக்கான சர்வதேச விதிமுறை. 2004 ஜனவரி 1ல இருந்து சோலாஸ்ங்கற கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி கட்டாயம், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா திருத்துவாங்க, இப்ப ஓடறது 42-24 திருத்தம், 2026 ஜனவரி 1ல இருந்து அதுதான் கட்டாயம். அதுல 5.4ம் அத்தியாயம் முழுக்க பேப்பர் பத்திதான். தீப்பிடிக்கிற திரவம்னா கிளாஸ் 3, ஃபிளாஷ் பாயின்ட் (ஒரு பொறி பட்டா பிடிச்சுக்கற அளவுக்கு ஆவி வர்ற கொறஞ்ச வெப்பநிலை) 60 டிகிரியோ அதுக்கு கீழயோ இருந்தா இதுக்குள்ள வந்துடும்.

டிஜிடில முக்கியமான ஒரு வரி இருக்கு, அதோட வரிசைய மாத்தவே கூடாது. முதல்ல யூஎன் நம்பர் (ஆபத்தான சரக்குக்கு ஐநா குடுத்த எண்), அப்புறம் ப்ராப்பர் ஷிப்பிங் நேம், அப்புறம் கிளாஸ், அப்புறம் பேக்கிங் குரூப் (ஆபத்து எவ்வளவுனு சொல்றது, 1 அதிகம், 3 கம்மி). உங்க சரக்குக்கு யூஎன் 1263, பெயின்ட் ரிலேட்டட் மெட்டீரியல், 3, பேக்கிங் குரூப் 2னு வரும். தின்னர்னோ உங்க பிராண்ட் பேரோ அந்த இடத்துல போட்டா செல்லாது, கோட்ல இருக்கற பேருதான் வேணும். அதே வரிய ஒட்டி ஃபிளாஷ் பாயின்ட் போடணும், டிகிரி செல்சியஸ்ல, குளோஸ்டு கப் முறைல, அதாவது மூடின கப்புல வச்சு பாத்தது. அதோட எத்தனை பேக்கேஜ், என்ன வகை, மொத்த அளவு, அனுப்பறவர் வாங்கறவர் விலாசம், தேதி. பின்னாடி எப்பவாவது ஜிங்க் ரிச் பிரைமர் மாதிரி ஏதாவது அனுப்பினா மரைன் பொல்யூட்டன்ட்டா, அதாவது கடல கெடுக்கற பொருளானு தனியா பாருங்க, ஆமான்னா அதையும் எழுதணும்.

இந்த ஃபிளாஷ் பாயின்ட்லதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. நாலஞ்சு வருஷம் முன்ன ஒரு ஃபேக்டரில இருந்து 80 டிரம் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வந்துச்சு, டிக்ளரேஷன்ல 28 டிகிரி, பேக்கிங் குரூப் 3னு போட்டிருந்தாங்க, நான் எம்எஸ்டிஎஸ்ல 9ம் செக்ஷன தொறந்து பாத்தா 12 டிகிரினு இருக்கு. போன வருஷம் வேற ஃபார்முலா, அந்த பழைய ஃபைல அப்படியே காப்பி பண்ணி தேதிய மட்டும் மாத்தியிருக்காங்க. 23 டிகிரிக்கு கீழ போனாலே அது பேக்கிங் குரூப் 2 (கொதிக்க ஆரம்பிக்கறது 35 டிகிரியோ அதுக்கு கீழயோ இருந்தா 1). சரி, நம்பர மாத்திடலாம்னு பாத்தா டிரம்மே தப்பு. டிரம் மேல அச்சடிச்சிருக்கற யூஎன் மார்க்ல எக்ஸ், ஒய், இசட்னு ஒரு எழுத்து வரும், எக்ஸ் எல்லா குரூப்புக்கும் ஆகும், ஒய் 2க்கும் 3க்கும், இசட் 3க்கு மட்டும். அவங்க வாங்கி வச்சிருந்தது இசட் டிரம். 80 டிரம்மையும் வேற டிரம்ல மாத்தி, புது லேபிள் ஒட்டி, கப்பல் போயி, அடுத்த கப்பலுக்கு ஒம்பது நாள் காத்திருந்தோம். பேப்பர்ல ஒரு நம்பர் தப்புனு நெனைக்காதீங்க, அந்த நம்பர வச்சுதான் டிரம்மே வாங்கணும். இந்தியாவுல டிரம்ம சோதிச்சு யூஎன் சர்டிஃபிகேட் குடுக்கறது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங், டிரம் சப்ளையர்கிட்ட அந்த சர்டிஃபிகேட் காப்பிய மொதல்லயே கேட்டு வாங்கிடுங்க, கப்பல் லைன்காரங்க கண்டிப்பா கேப்பாங்க.

தின்னர்ல கலக்கற டொலுயீனோட ஃபிளாஷ் பாயின்ட் 4 டிகிரி. அதாவது நம்ம ஊரு மார்கழி ராத்திரில கூட அதுல இருந்து வர்ற ஆவி ஒரு பொறி பட்டா பிடிச்சுக்கும். கப்பல்ல தீப்பிடிச்சா முதல்ல போயி நிக்கறது கஸ்டம்ஸ் ஆபீசர் இல்ல, இருபது இருபத்தஞ்சு பேரு, நடுக்கடல்ல, ஃபயர் சர்வீஸ் கெடையாது. தண்ணிய அடிக்கலாமா, ஃபோம் வேணுமா, பக்கத்து கன்டெய்னர்ல என்ன இருக்குனு அவங்க பாக்கறது டிஜி மேனிஃபெஸ்ட்ட (கப்பல்ல இருக்கற ஆபத்தான சரக்கு பட்டியல்), அந்த மேனிஃபெஸ்ட் உருவாகறது நீங்க கையெழுத்து போட்ட அந்த டிக்ளரேஷன்ல இருந்து. 2025 ஜூன் 9ம் தேதி கொழும்புல இருந்து மும்பை பக்கத்து நவசேவாவுக்கு போன வான் ஹாய் 503ங்கற கன்டெய்னர் கப்பல் கேரளா கரைக்கு வெளிய தீப்பிடிச்சுது, 22 பேர்ல 18 பேர காப்பாத்தினாங்க, 4 பேர் காணாம போனாங்க. அதுல கிளாஸ் 3 சரக்கும் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, நாம தினமும் டைப் பண்ற வரிய யார் எந்த நெலமைல படிப்பாங்கனு அன்னைக்குதான் உறைச்சுது.

ரெண்டாவது பேப்பர் கன்டெய்னர் பேக்கிங் சர்டிஃபிகேட். கன்டெய்னர் சுத்தமா காஞ்சு இருந்துச்சு, டிரம் எல்லாம் பாத்தேன் ஒழுகல, சேரக்கூடாத சரக்கு உள்ள இல்ல, ஒழுங்கா கட்டி அடுக்கியிருக்கு, நாலு பக்கமும் பிளக்கார்டு (ஆபத்து வகைய காட்டற பெரிய ஸ்டிக்கர்) ஒட்டியாச்சுனு, ஸ்டஃபிங் (கன்டெய்னர்ல சரக்கு ஏத்தறது) பண்ண பொறுப்பாளர் கையெழுத்து போடணும். இத ஆபீஸ்ல உக்காந்து ஸ்டஃபிங்குக்கு முந்தின நாளே போடற பழக்கம் இருக்கு, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. மல்டிமோடல் ஃபார்ம்னு ஒண்ணு இருக்கு, அதுல டிக்ளரேஷனும் இந்த சர்டிஃபிகேட்டும் ஒரே ஷீட்ல வந்துடும், அதுதான் சுலபம்.

சேரக்கூடாத சரக்குனதும் ஞாபகம் வருது, பாலியஸ்டர் ரெசின் வாங்கற பார்ட்டிங்க கூடவே அத கெட்டியாக்கற ஹார்டனரையும் அதே கன்டெய்னர்ல போட்டு அனுப்புங்கனு கேப்பாங்க. அந்த ஹார்டனர் ஆர்கானிக் பெராக்சைடு, கிளாஸ் 5.2, கிளாஸ் 3 கூட ஒரே கன்டெய்னர்ல போகக்கூடாது. மறுப்பு சொல்லுங்க, ஆர்டர் போனாலும் பரவால்ல.

வேலைய எங்க ஆரம்பிக்கறதுனா, புக்கிங் போடும்போதே எம்எஸ்டிஎஸ்ஸும் டிஜி டீடெயிலும் கப்பல் லைனுக்கு அனுப்பி அப்ரூவல் வாங்கணும், கொழும்போ சிங்கப்பூரோ மாத்தி ஏத்தினா அந்த போர்ட்டும் அடுத்த கப்பலும் ஒத்துக்கணும், அதனால ரெண்டு மூணு நாள் கையில வச்சுக்கங்க. அப்ரூவல் வராம டிரம்ம லாரில ஏத்தாதீங்க. டிக்ளரேஷன், எம்எஸ்டிஎஸ், பேக்கிங் லிஸ்ட், பிஎல் (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி குடுக்கற சரக்கு ரசீது) டிராஃப்ட் நாலுலயும் யூஎன் நம்பரும் டிரம் எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கானு வேற ஒரு ஆள வச்சு படிக்க சொல்லுங்க, எழுதினவர் கண்ணுக்கு தப்பு தெரியாது.

சாம்பிள் மாதிரி 5 லிட்டர் வரைக்கும் உள்ள டின்னுல, பெட்டி 30 கிலோவுக்குள்ள இருந்தா லிமிடெட் குவான்டிட்டினு சலுகை உண்டு, லேபிள் விஷயம் கொறையும், ஆனா டிக்ளரேஷன் அப்பவும் வேணும். காலி டிரம் திரும்பி வந்தாலும் உள்ள கழுவலனா அதுவும் டிஜிதான். காப்பிய கொறஞ்சது மூணு மாசம் வச்சிருக்கணும்னு கோட் சொல்லுது, நான் ரெண்டு வருஷம் வச்சிருக்கேன்.

உங்க எம்எஸ்டிஎஸ்ல 9ம் செக்ஷன்ல இருக்கற ஃபிளாஷ் பாயின்ட்டும் 14ம் செக்ஷன்ல இருக்கற பேக்கிங் குரூப்பும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதானு இன்னைக்கே பாருங்க, பொருந்தலனா கமென்ட்ல அந்த ரெண்டு நம்பர மட்டும் போடுங்க, பாத்து சொல்றேன்.