தொண்டை மண்டலத்துக்கு எந்த நிறம்?

அன்புள்ள ஐயா,

நானும் கல்லூரி நண்பர்கள் சிலரும் கிரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டுக்காக 10ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் வரைபடத்தைத் திருத்தி வருகிறோம். இணையத்தில் கிடைக்கும் சோழப் பேரரசு வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கி.பி. 955இல் தொடங்கும்படி அமைக்கிறோம். சென்னைப் பகுதியைச் சோழருக்கே கொடுத்துவிடலாமா? எல்லைக்கோட்டை எதை வைத்து வரைவது?

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

கொடுக்கக் கூடாது. 949இல் தக்கோலத்தில் இராஷ்டிரகூடரோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டபின், சென்னையும் காஞ்சியும் அடங்கிய தொண்டை மண்டலத்துக் கோயில்களில் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைச் சொல்லும் கல்வெட்டுகள் வரிசையாகக் கிடைக்கின்றன. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று அவை அவனைக் குறிப்பிடுகின்றன. சுந்தர சோழர் காலத்தில்தான் இந்தப் பகுதி சோழர் கைக்குத் திரும்பத் தொடங்குகிறது.

அதற்காக, தஞ்சையைக் கொண்டான் என்றிருக்கிறதே என்று காவிரிக் கரைக்கும் அவன் நிறத்தைப் பூசிவிடாதீர்கள். விருதுப்பெயர் அரசன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. ஒரு சிற்றூர்க் கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் எந்த அரசனின் ஆண்டைப் பொறித்தார் என்பதே நமக்கு வேண்டிய சான்று. கன்னரதேவனின் கல்வெட்டுகள் செறிந்து கிடப்பது தொண்டை மண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும்தான். ஊர் ஊராகப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் எங்கே அடர்ந்து எங்கே மெலிகின்றனவோ, அதுதான் எல்லை. இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பியதை வைத்து மலாய்த் தீபகற்பம் முழுவதையும் சோழ நிறமாக்கும் படங்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. அது படையெடுப்பு. அங்கே சோழ நிர்வாகம் நடந்ததற்குச் சான்றில்லை.

நிறத்தை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்குத் திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த வல்லபன் இராசாதித்தனின் தோழன். தக்கோலப் போரில் இளவரசனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வேதனையில் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு ஒற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். அவர் கோயிலுக்குப் பொன் கொடுத்த செய்தி அந்தக் கல்வெட்டில் கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. தம் இளவரசனைக் கொன்ற பக்கத்தின் அரசன் அவன்! இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. ஆகவே மேலரசனாகக் கிருஷ்ணனை வையுங்கள். உள்ளூர்ச் சபைகளையும் மடங்களையும் சிற்றரசர்களையும் அழித்துவிடாதீர்கள். மலாடு, வாணகோப்பாடிப் பகுதிகளில் வைதும்பர் குலச் சிற்றரசர்கள் அவனுக்குக் கீழ் ஆண்டார்கள். அவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

அடுத்து, நிலப் பிரிவு. இன்றைய மாவட்ட எல்லைகளைத் தொடவே வேண்டாம். தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்கள் என்று சொல்வது மரபு. கோட்டத்துக்குள் 'நாடு' என்ற சிறு பிரிவுகள் உண்டு. திருவொற்றியூர் புழல் கோட்டத்திலும், திருவல்லிக்கேணி புலியூர்க் கோட்டத்திலும், காஞ்சி எயிற்கோட்டத்திலும் வருகின்றன. சோழ மண்டலத்துக்கு வரலாற்றாய்வாளர் எ. சுப்பராயலு கல்வெட்டுகளைக் கொண்டு நாடு நாடாக வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன. 1973இல் நூலாக வந்தவை. இவ்விளையாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனி நிறம் கொடுத்து ஒரே படக்கோப்பில் தீட்டுகிறார்கள் அல்லவா, அந்தப் பகுதியை ஒரு கோட்டத்தின் அளவுக்கு வைத்தால் சரியாக இருக்கும். நாடுவரை இறங்கினால் ஆட்டம் தாங்காது.

நிலத்தோற்றத்திலும் கவனம் தேவை. செயற்கைக்கோள் படத்தை அப்படியே அடியில் வைத்தால் 1934இல் கட்டிய மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும், 1944இல் கட்டிய பூண்டி ஏரியும் இராசாதித்தனின் தந்தை பராந்தகன் காலத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். மெரினாவின் அகன்ற மணற்பரப்பும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டிய பிறகு சேர்ந்ததுதான். வீராணம் ஏரி இருக்கட்டும், அது சோழர் வெட்டியது.

முழுத் தமிழகத்தையும் ஒரே மூச்சில் செய்ய முயல வேண்டாம். புழல், புலியூர்க் கோட்டங்களை முதலில் முடியுங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே கல்வெட்டின் எண்ணையும் ஆட்சியாண்டையும் எழுதி ஒரு பட்டியலாக எனக்கு அனுப்புங்கள். நான் குறித்து வைத்திருக்கும் கன்னரதேவன் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு, விடுபட்ட ஊர்களைச் சேர்த்துத் தருகிறேன்.