பிளாஸ்டிக் ரோடு என்றால் தாருக்குள் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றுவதா?

இல்லை. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில் பிளாஸ்டிக் முதலில் சேர்வது ஜல்லியோடுதான். இதற்காகவே அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கேரி பேக், பிஸ்கட் கவர், டீ கப் போன்றவற்றைச் சுத்தம் செய்து, சில மில்லிமீட்டர் அளவுக்குத் துண்டாக்குவார்கள். ஜல்லியைச் சுமார் 160 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதன்மேல் தூவினால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் பிளாஸ்டிக் இளகிக் கல்லைச் சுற்றி எண்ணெய் பூசியது போல மெல்லிய படலமாகிவிடும். அப்புறம்தான் தார். படலத்தில் தார் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புக வழியில்லை. நம்மூர் ரோடு மழைக்குப் பிறகு பல்லிளிப்பதே தண்ணீர் புகுவதால்தானே!

ஒற்றைத் தடச் (சிங்கிள் லேன்) சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும், அதே அளவு தார் மிச்சமாகும். சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இப்படிப் போட்டார்கள்.

பைப் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் மட்டும் கூடவே கூடாது. சூடாக்கினால் நச்சு வாயு வரும். என்னைக் கேட்டால், ரோடு போடுவதைவிட அதற்கு ஏற்ற பிளாஸ்டிக்கைப் பொறுக்கித் தனியே எடுப்பதுதான் பெரிய வேலை. வீட்டுக் குப்பையிலேயே சோறும் கவரும் கலந்து வந்தால், கழுவிக் காயவைக்கும் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.