மருமகனுக்கு நோன்பு, மாமியாருக்குத் தவக்காலம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்த இடத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞரை விரும்பி, அங்கேயே சிவில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இன்றும் அவள் கத்தோலிக்கப் பெண்தான். ஞாயிறு பூசைக்குத் தவறுவதில்லை. இந்த ரமலானில் இருவரும் பத்து நாள் எங்களோடு தங்க வருகிறார்கள். எங்களுக்கும் அது தவக்காலம். மருமகனுக்கு என்ன சமைப்பது, எங்கள் சட்டி பானை அவருக்கு ஆகுமா, அவர் முன்னால் நாங்கள் சாப்பிடலாமா என்று எதுவும் தெரியவில்லை. மகளும் அவரோடு சேர்ந்து நோன்பு பிடிக்கிறாளாம். நம் விசுவாசத்தை விட்டுப் போகிறாளோ என்று மனம் பதறுகிறது.
– ஒரு தாய், குளுவாங்

பதில்: அம்மா, நானும் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்த கத்தோலிக்கப் பெண். என் கணவர் நாகூர் வழிவந்த சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம். அவரோடு இருபத்தொரு ரமலான் மாதங்களைக் கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

சட்டி பானையிலிருந்து தொடங்குவோம். உங்கள் மருமகன் உங்கள் வீட்டில் மனநிறைவோடு சாப்பிடுவதும் சாப்பிடாததும் அதைப் பொறுத்தே அமையும். மலேசியாவிலும் நாகூர் போன்ற கடலோர ஊர்களிலும் பரவலாக உள்ள ஷாஃபி மரபில், பன்றி இறைச்சி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். மலாய்க்காரர்கள் இதைச் ‘சமாக்’ என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருக்கும் பாத்திரங்களை எல்லாம் அப்படிக் கழுவிக்கொண்டிருப்பதைவிட, ஒரு சோற்றுப் பானை, ஒரு குழம்புச் சட்டி, கரண்டி, கத்தி, வெட்டுப் பலகை ஆகியவற்றைப் புதிதாக வாங்கித் தனியாக வைத்துவிடுங்கள். கோழியும் ஆட்டிறைச்சியும் ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்குங்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் பன்றிக்கறி வேண்டாம். இவற்றைச் செய்திருப்பதை அவர் வருவதற்கு முன்பே மகள் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். மாமியார் வீட்டில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்ற தயக்கம் அந்தப் பிள்ளைக்கும் இருக்கும்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நம் ஊரில் பகல் நோன்பு ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம்தான். மாலை ஏழு மணிக்குமேல் பாங்கு சொல்லும்போது நோன்பு திறப்பார். விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு அவர் எழ வேண்டும். அந்த நேரம் உங்களுக்குப் புதியதன்று. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, பெயர் கொடுக்க இருட்டிலேயே எழுந்து, அடுப்பு மூட்டி, பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் தாய்மார்கள். என் முதல் ரமலானில் மாமி என்னைச் சஹருக்கு எழுப்பியபோது, லயத்தில் வரிசையாக விளக்குகள் எரியும் அந்த அதிகாலைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று முதல் அந்த வீடு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. சஹருக்குச் சோறு, பருப்பு, முட்டை போதும். உப்பும் காரமும் குறைவாக இருந்தால் பகலில் தாகம் வாட்டாது.

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. குருணை அரிசியோடு பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி சேர்த்துக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, புதினா தூவி இறக்குவது என் மாமியின் முறை. மற்ற நாட்களில் கொத்துக்கறி சேர்ப்பார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி சேர்க்காமல் விட்டால், அதே கஞ்சி மருமகனுக்கு இஃப்தாராகவும் உங்களுக்குச் சுத்தபோசனமாகவும் ஆகிவிடும். 2025இல் மார்ச் 2 அன்று இங்கே முதல் நோன்பு. மார்ச் 5 திருநீற்றுப் புதன். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் இந்தக் கஞ்சிதான். மாமியே கறியை ஒதுக்கி வைத்தார்.

அவர் முன்னால் நீங்கள் சாப்பிடுவதில் தவறு எதுவும் இல்லை. நோன்பு அவருக்குரிய கடமை. தமக்காக நீங்கள் பட்டினி கிடந்தால் அவர்தான் சங்கடப்படுவார். ஆனால், ‘ஒரு வாய் தண்ணீர்கூடவா குடிக்கக்கூடாது’ என்று நாழிகைக்கு ஒரு முறை கேட்காதீர்கள். என் அம்மா முதலாண்டில் அப்படிக் கேட்டுக் கேட்டு அழுதே விட்டார். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட்டுப் பின்னால் நிறைவேற்றச் சலுகை உண்டு. அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார்.

தொழுகைக்கு ஒரு சுத்தமான அறையும், மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கிய இடமும் போதும். படங்கள் மாட்டாத அறையைக் கொடுங்கள். ஆனால் கூடத்தில் உள்ள திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் குடும்பச் செபத்தையும் நிறுத்தாதீர்கள். தம் மாமியார் கிறிஸ்தவர் என்பதை அறிந்தே வரும் மருமகன் அவர்.

இனி உங்கள் மகளைப் பற்றி. ஒருவர் இஸ்லாத்தில் சேர்வது, மனமறிந்து கலிமா என்னும் விசுவாச உறுதிமொழியைச் சொல்வதால்தான். பசித்திருப்பதால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை. முஸ்லிமின் நோன்புக்கு ‘நிய்யத்’ என்னும் உள்ளத்து உறுதி வேண்டும். உங்கள் மகள் தன் உள்ளத்தில் எதை எண்ணி உண்ணாதிருக்கிறாள் என்பதை அவளிடமே கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். ‘உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டது போலவே’ நோன்பு விதிக்கப்பட்டதாகத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. நோன்பிருக்கும்போது முகவாட்டம் காட்டாமல், தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவச் சொன்னவர் நம் ஆண்டவர். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே 18 முதல் 59 வயது வரையிலான கத்தோலிக்கருக்குக் கட்டாய ஒருசந்தி, அதாவது நோன்பு, நாட்கள். உங்கள் மகள் கணவரோடு சேர்ந்து அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறாள்.

கேள்வி: நான் கிறிஸ்தவப் பெண். நான் விரும்புபவர் முஸ்லிம். இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு மலேசியாவில் திருமணம் செய்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, சிகாமட்

பதில்: நடைமுறையில் முடியாது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. அவர்களுடைய திருமணம் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டங்களின் கீழ் வருகிறது. ‘கிதாபியா’, அதாவது வேதக்காரப் பெண், என்ற விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய கிறிஸ்தவப் பெண்ணின் முன்னோர் முகம்மது நபியின் நபித்துவத்துக்கு முன்பே கிறிஸ்தவர்களாக இருந்திருக்க வேண்டும். நம் குடும்பங்களில் அதை யார் நிறுவ முடியும்? பெயரளவுக்கு மதம் மாறிவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். திரும்பி வர நினைத்தால் ஷரியா நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அது மிகக் கடினமான வழி. எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் இரு சட்டங்களையும் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: லாபிஸில் பிறந்து, சிங்கப்பூரில் முஸ்லிம் கணவரோடு வாழும் கிறிஸ்தவள் நான். நோன்பு மாதம் முழுவதும் நானும் உண்ணாதிருக்கிறேன். ‘இவ்வளவு செய்கிறாய், கலிமா சொன்னால் என்ன’ என்கிறார்கள் கணவரின் உறவினர். ‘அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாய்’ என்கிறார்கள் ஆலயத்தில். சமையல் சுமையும் என்மீதுதான். களைத்துவிட்டேன்.
– ஒரு வாசகி

பதில்: தங்கையே, இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள்: ‘நான் கிறிஸ்தவள், என் கணவர் பசித்திருக்கும் மாதத்தில் அவரோடு இருக்கிறேன்.’ நான் முதல் சில ஆண்டுகள் தெளிவாகச் சொல்லாமல் சிரித்து மழுப்பினேன். அதனால் மாமி வீட்டார் எனக்காக ஒவ்வோர் ஆண்டும் காத்திருந்தார்கள். அது அவர்களுக்கு நான் இழைத்த அநீதி என்று பின்னர் உணர்ந்தேன். ஒரு ரமலானின் இருபத்தேழாம் இரவில் மாமியின் பக்கத்தில் அமர்ந்து சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘மர்யம், அதாவது உங்கள் மரியாள், பெயரில் எங்கள் வேதத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது, தெரியுமா?’ என்று கேட்டு, அதை எனக்கு ஓதிக் காட்டினார். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் எழவில்லை.

சமையலைப் பற்றி உங்கள் கணவரிடம்தான் பேச வேண்டும். நோன்பு அவருடையது, சஹருக்கு அலாரம் வைத்து எழுந்து, முட்டையும் ரொட்டியும் அவரே சுட்டு வைக்கலாம். வார நாட்களில் கஞ்சியைப் பள்ளிவாசலில் வாங்கி வரலாம். சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் நோன்புக் காலத்தில் கஞ்சி கிடைக்கும், என் கணவர் வேலை முடிந்து தூக்குச்சட்டியோடு அங்கே போவார். முடியாத நாளில் நீங்கள் சாப்பிடுங்கள். நோன்பு கடமையான முஸ்லிம் பெண்களே மாதவிலக்கு நாட்களில் நோன்பு இருப்பதில்லை. கடமையே இல்லாத நீங்கள் ஏன் உடலை வருத்த வேண்டும்? இந்த ரமலானில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அவரோடு உண்ணாதிருங்கள். எந்த இரண்டு நாள் என்பதை இருவரும் சேர்ந்து, முதல் நோன்புக்கு முந்தின இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.