லாங் டெர்ம் கோச்சிங்குக்கு முன்னால் ஒரு வெங்காய வேர்

பெங்களூரு அல்சூரிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்த கையோடு எழுதிய நீட்டில் மகளுக்கு மார்க் குறைவு. ஒரு வருடம் லாங் டெர்ம் கோச்சிங், அதிலும் தேறாவிட்டால் ஊர் நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் சீட் என்கிறார் அவளுடைய பெரியப்பா. அவளோ காளான், பூஞ்சை, மரவேர் என்றே பேசுகிறாள். நீங்கள் காளானைக் கண்டு பயப்படுகிறீர்கள். எனக்குப் பெரியப்பாவின் கணக்குதான் பயமாக இருக்கிறது. எம்பிபிஎஸ் முடித்ததும் செலவு நிற்காது, அடுத்து பிஜி சீட் என்று ஆரம்பிக்கும். விற்ற நிலம் திரும்பாது. மறுபடி நீட் எழுத வேண்டும் என்று அவளே கேட்டால் எழுதட்டும். அவள் வாயிலிருந்து அது வராதவரை முன்பணம் கட்டாதீர்கள்.

இன்ஜினியரிங், நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் உறவினர்கள் சொல்லி முடித்திருப்பார்கள். அவள் சொல்வதைப் பார்ப்போம்.

நிலத்தில் வளரும் தாவர இனங்களில் சுமார் 70 சதவீதத்தின் வேருக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடமிருந்து சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்கிறது. படிப்பில் மைக்கோரைசா, உரக்கடையில் விவசாயிகள் கேட்டு வாங்கும் ‘வேம்’ இதுதான். வேறொரு வகை வேர்ப்பூஞ்சையின் வலை வழியாக மரங்கள் பேசிக்கொள்கின்றன என்று அவள் சொல்லும் ‘பேசும் மரங்கள்’ கதைக்கு மூலம், கனடாவில் சுசான் சிமார்டு குழு 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு. பிர்ச் மரக்கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் கார்பன்-13, கார்பன்-14 என்று பிரித்தறியக்கூடிய இருவகைக் கார்பன் கொண்ட வாயுவைக் கொடுத்து, ஒன்றின் கார்பன் மற்றொன்றுக்குப் போவதைக் காட்டினார்கள். காட்டில் அது பூஞ்சை வலை வழியாகத்தான் போகிறது என்பதற்குச் சான்று போதாது என்று 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இரண்டு சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதைப் படித்ததும் ஆர்வம் வடிந்துபோனால், அவளுக்குப் பிடித்தது கதை மட்டும்தான். (அதில் தப்பொன்றும் இல்லை, அதற்காக ஐந்து வருடம் பிஎச்டி வேண்டாம்.)

அவளுடைய நாட்டத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு, செலவு சில நூறு ரூபாய்தான். தோட்ட மண்ணில் இரண்டு மாதம் வளர்ந்த வெங்காயச் செடியின் மெல்லிய வேர்களை எடுக்கட்டும். கடுகு, முட்டைக்கோஸ், கீரை வேண்டாம். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் இந்தப் பூஞ்சை தங்காது. ரசாயன உரம், அதிலும் டிஏபி, நிறையப் போட்ட தொட்டியும் வேண்டாம். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையை அண்டவிடாது. வேரைக் கழுவி 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு, 90 டிகிரி நீர்த்தொட்டியில் வேர் கண்ணாடிபோலத் தெளியும்வரை வைக்க வேண்டும். இது தோலை அரிக்கும் காரம். சமையலறையில் கூடாது, கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னால், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். இளவேர் அதிக நேரம் கிடந்தால் கூழாகிவிடும், சீக்கிரம் எடுத்தால் உள்ளே எதுவும் தெரியாது. முதல் தடவை பலருக்கும் கெடுவது இங்கேதான்.

பிறகு நன்றாக அலசி, வினிகரில் 5 சதவீதம் கறுப்பு பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் ஊறவைத்தால் அதிகப்படி மை இறங்கிவிடும். பாடப்புத்தகங்கள் சொல்லும் டிரிபான் ப்ளூ புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் சாயம். முதல் முயற்சிக்குத் தேவையில்லை. மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கில் பூஞ்சையின் நீள்வட்டப் பைகள் தெரியும். 400இல் ஒரு செல்லுக்குள்ளேயே கிளைவிட்ட குட்டி மரம் தெரியும், அதுதான் ஆர்பஸ்க்யூல். பார்த்ததும் போட்டோ எடுத்துவிட்டு எழுந்துவிடுகிறாளா, நூறு துண்டுகளில் எத்தனையில் பூஞ்சை இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணுகிறாளா? நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். இந்தத் துறையில் பாதி வேலை எண்ணுவது.

படிக்க இரண்டு வழி. கர்நாடக நுழைவுத் தேர்வான சிஇடி மூலம் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில், அதாவது ஜிகேவிகேயில், நான்கு வருட பிஎஸ்சி ஹானர்ஸ் அக்ரி. அதன்பின் எம்எஸ்சி வேளாண் நுண்ணுயிரியல். இந்தப் பூஞ்சையில் பெயர்பெற்ற டி.ஜே. பாக்யராஜ் பணியாற்றிய இடம் அது. இல்லையென்றால் அரசுக் கல்லூரியில் பாட்டனி, மைக்ரோபயாலஜி பாடங்களோடு பிஎஸ்சி. போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்தில் வருகிறவர்களுக்கு, அடிப்படை அறிவியல் படித்தால், மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய் என்பது விதி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடமே பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் விதி. கோச்சிங்குக்குப் போகும் வருடம் இதையும் தின்றுவிடும். இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை? வேம் போன்ற உயிர் உரங்களும் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன, அதனால் தரம் பார்க்க ஆள் வேண்டும். இந்தப் பூஞ்சையைத் தட்டில் தனியாக வளர்க்க முடியாது. உயிருள்ள வேர் வேண்டும். அதனால் சுத்திகரித்த மண்ணில் சோளமோ மக்காச்சோளமோ வளர்த்து, மூன்று நான்கு மாதம் கழித்து மண்ணைச் சல்லடையில் அலசிப் பூஞ்சையின் வித்துகளை (ஸ்போர்) எண்ணுவார்கள். செத்த வித்தையும் சேர்த்து எண்ணிவிடுவதும், தொட்டியில் வேறு பூஞ்சை புகுந்துவிடுவதும் இந்தத் தொழிலின் தினசரித் தலைவலி. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு உர நிறுவனங்களிலும் பரிசோதனைக் கூடங்களிலும் இடம் உண்டு. தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு வராது, தெரிந்தே போங்கள். எம்எஸ்சிக்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் அதற்குமேல் வீட்டு வாடகைப்படியும், 2023 முதல். தொகை சில மாதம் தாமதமாக வருவது உண்டு, கையிருப்பு வேண்டும். ஜேஆர்எஃப்போ வேறு உதவித்தொகையோ இல்லாமல், வீட்டுப் பணத்தில் பிஎச்டி சேர்க்காதீர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது பெரியப்பாவையும் அழைத்துப்போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை பேர், கடைசி வருட புராஜெக்டை மாணவர்களே செய்கிறார்களா, போன வருட மாணவியின் ரெக்கார்டு நோட்டைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். நோட்டைக் காட்டத் தயங்கும் கல்லூரியில் அப்ளிகேஷன் வாங்காதீர்கள்.