வாசகர் கேள்வி பதில்: பிரெஞ்சு கிராமத்தில் பொழுது போகுமா?

கேள்வி: ஐயா, மகள் வீட்டுக்கு மூன்று மாதம் பிரான்ஸ் போகிறேன். பாரிஸ் இல்லை, நானூறு பேர்கூட இல்லாத கிராமமாம். வீடியோவில் பார்த்தால் தெருவில் ஆளே இல்லை. அங்கே ஒரு கிராமத்தில் இருந்துவிட்டு வந்ததாக எழுதியிருந்தீர்களே, எனக்குப் பொழுது போகுமா?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தெருவில் ஆள் இல்லை என்பதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கானாடுகாத்தானில் மத்தியான நேரம் போனால் பூட்டின முகப்புகள்தானே தெரியும்? அங்கேயும் சில வீடுகளில் ஜன்னலின் மரக்கதவுகள் வருஷம் முழுக்கச் சாத்தியே கிடக்கும், நம்மவர்கள் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருவது போல அவர்கள் ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்து திறப்பார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பொறாமையே வந்தது. ஆள் குறைந்தாலும் அங்கே ஊரின் அதிகாரம் குறைவதில்லை. நாட்டில் கிட்டத்தட்ட 35,000 கம்யூன்கள், அதாவது நம் ஊராட்சி மாதிரி உள்ளாட்சிகள், பாதிக்கு மேல் 500 பேருக்கும் குறைவானவை. நூறு பேர் இருந்தாலும் தனி மேயர், தனி ஆபீஸ் உண்டு. சட்டப்படி கல்யாணம் மேயர் முன்னால்தான், மூவர்ணப் பட்டையைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு அவர் நடத்தி வைப்பார், சர்ச் கல்யாணம் அதற்கு அப்புறம். 1905-க்கு முன் கட்டின ஊர் சர்ச்சும் பெரும்பாலும் கம்யூனின் சொத்து, கூரை ஒழுகினால் ஊர்தான் பணம் தேட வேண்டும். ஊர்க் கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் புள்ளி வரி கொடுத்துப் பழகின உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

சர்ச் பக்கத்தில் ஒரு கல்தூண் இருக்கும், கண்டிப்பாக நின்று பாருங்கள். 1914-18 போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். நான் இருந்த ஊரில் ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து மூன்று வரி, அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ. நவம்பர் 11 அன்று பெயர் பெயராக வாசித்தார்கள், ஒவ்வொரு பெயருக்கும் "பிரான்ஸுக்காக உயிர் நீத்தவர்" என்று கூட்டம் பதில் சொன்னது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, பொழுதுக்கு வருகிறேன். காலையில் ரொட்டிக் கடைக்கு நீங்களே நடந்து போங்கள். நீள ரொட்டியின் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றித் தருவார்கள், சூடாக இருந்தால் வீடு வருவதற்குள் முனையைப் பிய்த்துத் தின்னாமல் இருக்க முடியாது. உள்ளே நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லிவிடுங்கள், வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்து. அதைச் சொல்லாமல் ரொட்டி கேட்டால் முகம் மாறிவிடும். நாலு நாள் சொன்னால் ஐந்தாம் நாள் அவர்களே உங்களை விசாரிப்பார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடை அடைத்திருக்கும், அதற்குள் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அங்கே சேவல் மேல் கேஸ் போட்டார்களாமே?
- வாசகர், தேவகோட்டை

பதில்: உண்மைதான். ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று லீவுக்கு வந்து தங்குகிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் சேவல் பக்கம் தீர்ப்பானது. 2021 ஜனவரியில் கிராமத்துச் சத்தத்தையும் வாசனையையும் நாட்டின் மரபாக ஏற்றுச் சட்டமே வந்துவிட்டது. அதைப் பார்க்க மோரிஸ் இல்லை, 2020-லேயே செத்துப்போனது.