ஒரு சாண் இறக்கை: காட்டு அந்துப்பூச்சிகள் பற்றிக் கேள்வி பதில்

வால்பாறை: அண்ணா, எஸ்டேட் லைன் வீட்டுச் சுவத்துல காலையில இருந்து ஒண்ணு உக்காந்திருக்குதுங்க. ஒரு சாண் அகலம், செங்காவி நிறம். இறக்கை நுனி பாம்புத் தலையாட்டம் இருக்குது. பசங்க பயப்படறாங்க, கடிக்குமுங்களா?

கடிக்காதுங்க. அட்லஸ் அந்துப்பூச்சி அது. நாலு இறக்கையின் நடுவிலும் கண்ணாடி பதித்ததுபோல ஒரு முக்கோணம் தெரிகிறதா? அதுதான் அடையாளம். அந்த இடத்தில் இறக்கையை மூடும் பொடிபோன்ற செதிலே இல்லை, பின்னாலிருக்கும் சுண்ணாம்புச் சுவர் அப்படியே தெரியும். பாம்புத் தலை என்று பசங்க சொல்வது முன் இறக்கையின் வளைந்த நுனி. அங்குள்ள கரும்புள்ளி கண்ணாட்டம் இருக்கும். சீண்டினால் தரையில் விழுந்து மெதுவாக இறக்கை அடிக்கும். பயத்தில் செய்வதுங்க, சீண்ட வேண்டாம்.

பொள்ளாச்சி: எங்க தோப்புலயும் ஒண்ணு. சர்க்கரைத் தண்ணி வெச்சேன், தொடவே மாட்டேங்குது.

நல்ல மனசு உங்களுக்கு, ஆனால் அது குடிக்காது. வளர்ந்த பூச்சிக்கு வாயுறுப்பு சுருங்கிப் பயனற்றுப் போயிருக்கும். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்புதான் மொத்தச் சாப்பாடும். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் உயிரோடிருக்கும். அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட வேண்டும். பெண் பூச்சி தான் வெளிவந்த கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ராத்திரியில் ஒரு வாசனையை விடும். ஆண் அதை மோந்துகொண்டு தொலைவிலிருந்து வரும். இடம் மாற்றிவிட்டால் அந்த ராத்திரி வீண்தானே?

ஒருமுறை ஒருத்தர் பாட்டிலில் அடைத்து என்னிடம் கொண்டுவந்தார். இரவெல்லாம் படபடத்து இறக்கை ஓரம் கந்தலாகியிருந்தது, பாட்டில் உள்பக்கம் முழுக்கச் செங்காவிப் பொடி. இன்னும் மனசு ஆறவில்லை. தயவுசெய்து அடைக்காதீர்கள்.

ஆனைக்கட்டி: ஆணா பெண்ணான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

உணர்கொம்பைப் பாருங்கள். தென்னங்கீற்றுபோல இரண்டு பக்கமும் அகலமாக விரிந்திருந்தால் ஆண். ஒல்லியாக இருந்து, வயிறு தடித்திருந்தால் பெண்.

கோவை: உலகத்துலயே பெரிய பூச்சி இதுதானுங்களா?

இறக்கைப் பரப்பில் மிகப் பெரியவற்றில் ஒன்று. விரித்த நீளத்தில் தென் அமெரிக்காவின் வெள்ளைச் சூனியக்காரி என்ற அந்துப்பூச்சி இதை முந்திவிடும். அட்லஸ் என்று பொதுவாகச் சொன்னாலும், சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்த அட்டாகஸ் அட்லஸ் வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதை இப்போது அட்டாகஸ் டாப்ரோபானிஸ் என்று தனி இனமாகவே சொல்கிறார்கள். டாப்ரோபானே என்பது இலங்கையின் பழைய பெயர்.

சத்தியமங்கலம்: நான் பாத்ததுல முக்கோணம் இல்லை, வட்டக் கண்ணு நாலு இருந்துச்சு.

மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் டசர் பட்டுப்பூச்சி இனமாக இருக்கும். வட்டத்தின் நடுவே அதற்கும் கண்ணாடிப் புள்ளி உண்டு.

ஆனைமலை: வரப்புத் தேக்குல இலையெல்லாம் நரம்பாப் போச்சு. மருந்தடிக்கலாமுங்களா?

அது தேக்கு இலையுண்ணி என்ற அந்துப்பூச்சியின் புழு வேலைங்க, அறிவியல் பெயர் ஹிப்ளேயா பியூரா. புழு இலை ஓரத்தை மடித்து உள்ளே ஒளிந்து தின்னும். வளர்ந்த மரம் இதனால் சாகாது, மறுபடி துளிர்க்கும். அந்தப் பருவத்தில் பருமன் கூடுவது குறையும், அவ்வளவுதான். புழு பொறுக்க வரும் பறவைகளுக்காகவாவது மருந்தை விட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாளையம்: ராத்திரி வாசல் லைட்டுக்கு வந்துடுச்சு. எப்படிங்க திருப்பி அனுப்பறது?

லைட்டை அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் தானே போய்விடும். விடிந்தும் போகவில்லையென்றால் காக்காய் கொத்திவிடும். அதனால் ஒரு குச்சியை அதன் முன்கால் பக்கம் நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும். கையால் இறக்கையைத் தொடாமல், பக்கத்துக் கொய்யா மரத்தில் இலை மறைவாக விட்டுவிடுங்கள்.